சுண்டினால் போதும், வீச வேண்டாம்

ஐப்பசி மழை. குன்னூருக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் லைன் வீட்டில் டிவி இருக்கும் அறை பத்துக்கு எட்டு. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, மூலையில் கரிச்சட்டி. மிச்சமிருக்கும் இடத்தில் நின்றபடி அக்கா மகன் கத்தி வீசிக்கொண்டிருந்தான். கத்தி என்றால் வெள்ளை நிற ரிமோட். மச்சான் துபாயில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஒதுக்கிவைத்த பழைய நின்டெண்டோ வீ கன்சோல் (டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டி), நாலைந்து டிஸ்க்குகளோடு மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.

டிவியில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' வரிசை விளையாட்டு ஒன்று, அதற்குள் பாபிலோன். மாடத்தின் விளிம்பில் இளவரசன் பதுங்கியிருக்கிறான், கீழே ஒரு காவலாளி. பாய்ந்து அவன்மேல் விழுந்து, கத்தி பளிச்சென்று மின்னும் கணத்தில் குத்த வேண்டும். நேரம் தப்பினால் காவலாளி உதறித் தள்ளிவிடுவான், பிறகு நேருக்கு நேர் சண்டைதான். பையன் தோளுக்குப் பின்னால் கையை ஓங்கி, கட்டில் சட்டத்தில் இடிக்கிற அளவுக்கு வீசினான். தள்ளிவிட்டான் காவலாளி. மறுபடி வீசினான். மறுபடியும் அதே கதை.

அம்மா கரிச்சட்டியில் கை காட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா இது, பேய் ஓட்டுற மாதிரி? குடு இங்க" என்று வாங்கினாள். "அம்மாச்சி, வெளிச்சம் அடிக்கும்போது வீசணும்" என்றான் பையன். அவள் வீசவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினாள். காவலாளி விழுந்தான். பையன் வாயைப் பிளந்தான். அம்மா ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் டீ பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

முதல் தடவை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான் நடந்தது. முப்பது வருஷமாக இலை பறிக்கிற கை அது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. கொழுந்தை யாரும் பிடித்து இழுப்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு சுண்டு, ஒடிந்து வந்துவிடும். கை முழுக்க நீட்டி மடக்கினால் பத்து மணிக்குள் தோள் விட்டுப்போகும். (இப்போது நீலகிரியில் நிறையப் பேர் கத்தரி போட்டு வெட்டுகிறார்கள். அதற்குத் தோள்தான் வேண்டும். அம்மா கத்தரிக்காரிகளை மதிப்பதே இல்லை.) அந்தச் சுண்டலுக்கும் அந்த ரிமோட்டுக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம் என்று யோசிக்கப் போனதில்தான், கையசைவால் ஆடும் சாகச விளையாட்டுகள் எங்கே தடுக்கி விழுந்தன, எங்கே ஊன்றி நின்றன என்பதே எனக்குப் புரிந்தது.

ரிமோட்டுக்குள் கண் கிடையாது, அதாவது கையைப் பார்க்கிற கண் கிடையாது. இருப்பது முடுக்கமானி. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ்எல்330 என்ற சின்னச் சில்லு. சிலிக்கானிலேயே செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று சிலிக்கான் வில்களில் தொங்குகிறது. ரிமோட்டை வெடுக்கென்று இழுத்தால் அந்த எடை பின்தங்கும். பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் மின்தேக்கம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் கன்சோல் படிக்கிறது. மேல் கீழ், இடம் வலம், முன் பின் என்று மூன்று திசையிலும் இதே ஏற்பாடு.

இங்கே கவனிக்க வேண்டியது, அது தூரத்தை அளப்பதில்லை. வேகத்தையும் அளப்பதில்லை. வேகம் எவ்வளவு சடுதியில் மாறுகிறது என்பதை மட்டும் அளக்கிறது. பள்ளிக்கூடக் கணக்குதான்: நின்ற நிலையிலிருந்து ஒரே சீராக வேகம் ஏறினால், தூரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பையன் கையை ஒரு மீட்டர் தூரத்துக்கு அரை விநாடியில் வீசுகிறான் என்று வையுங்கள். முடுக்கம் 8 வரும், புவியீர்ப்பைவிடக் கொஞ்சம் குறைவு. அம்மா பத்து சென்டிமீட்டரைப் பத்தில் ஒரு விநாடியில் சுண்டுகிறாள். முடுக்கம் 20, புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கு. பத்தில் ஒரு பங்கு தூரம், இரண்டரை மடங்கு அடி. சில்லின் கணக்கில் பலசாலி யார் என்பதில் சந்தேகமே இல்லை.

அதோடு முடியவில்லை. ஓங்குவதும் அசைவுதான். பையன் கையைப் பின்னுக்கு இழுக்கும்போதே எடை ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. வீசி முடித்து, கையைச் சட்டென்று நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் இன்னொரு உதை. ஒரே வீச்சில் முடுக்கத்தின் அளவு இரண்டு மூன்று மேடுகளாக ஏறி இறங்கும். இவற்றில் எது குத்து, எது குத்துக்கான ஆயத்தம் என்று மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. மேடு ஓர் எல்லையைத் தாண்டியதும் 'இது அடி' என்று எடுத்துக்கொள்வதுதான் எளிய வழி. ஓங்கலை அடி என்று எடுத்துக்கொண்டால் முந்திவிடும், முடிவை எடுத்துக்கொண்டால் பிந்திவிடும். சுண்டலில் ஓங்கலே இல்லை. நினைத்த கணமும் மேடு எழும் கணமும் ஏறக்குறைய ஒன்று. கத்தி மின்னும் கணத்தில் அம்மாவின் அடி விழுந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

இன்னொரு குறையும் அந்தச் சில்லுக்கு உண்டு. அதை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போனவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். உடம்பு ஒரு பக்கம் சரிகிறது. பஸ் திரும்பியதால் சரிகிறதா, ரோடு சாய்ந்திருப்பதால் சரிகிறதா? உடம்புக்கு அந்தத் தள்ளல் மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. முடுக்கமானியின் நிலையும் அதுதான். மேஜைமேல் சும்மா வைத்திருந்தால்கூட அது புவியீர்ப்பின் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து ரிமோட் சாய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம், ஆனால் கை அசைந்தால் இரண்டும் கலந்துபோகும். மேஜைமேல் படுக்கவைத்தபடியே மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினாலோ, அதற்குத் தெரியவே தெரியாது.

நம் காதுக்குள் இதற்கு இரண்டு வேறு கருவிகள் இருக்கின்றன. சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய ஒரு பகுதி சாய்வையும் தள்ளலையும் சொல்லும், திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் சுழற்சியைச் சொல்லும். 2006 நவம்பரில் வெளிவந்த வீ ரிமோட்டில் முதலாவது மட்டும்தான் இருந்தது. குழாய்களுக்கு ஈடான ஜைரோ, மோஷன்பிளஸ் என்ற தனித்துண்டாக 2009இல்தான் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் பேசிக்கொண்டிருக்கும் பாபிலோன் விளையாட்டு வந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்பு.

அப்படியானால் திரையில் சுட்டிக்காட்டும் கை அடையாளம் எப்படி நம் கைபோன இடத்துக்கெல்லாம் போகிறது என்று கேட்கலாம். அதற்கு வேறு ஏற்பாடு. டிவிமேல் வைக்கிற நீளப் பட்டைக்கு சென்சார் பார் என்று பெயர், ஆனால் அதில் சென்சாரே கிடையாது. இரண்டு முனையிலும் ஐந்தைந்து அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். பார்க்கிற கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. தனக்கு எதிரே பளிச்சென்று தெரியும் அகச்சிவப்புப் புள்ளிகளில் நான்கு வரை அது பின்தொடரும். அந்தப் புள்ளிகள் எங்கே தெரிகின்றன என்பதை வைத்து, ரிமோட் எங்கே நீட்டப்படுகிறது என்று கணக்குப் போடும்.

இது தெரியாமல் நாங்கள் இரண்டு வாரம் திண்டாடினோம். பகலில் ஒழுங்காக இருக்கும் கை அடையாளம், ராத்திரி ஆனால் கன்சோலின் முகப்புத் திரையில் கிறுக்குப் பிடித்ததுபோலக் கீழ் மூலைக்குப் பாயும். ரிமோட் போச்சு என்றே முடிவுகட்டினோம். ஒரு ராத்திரி அம்மா கரிச்சட்டியை எடுத்துச் சமையல் கட்டில் வைத்ததும் கை அடையாளம் சாதுவாகிவிட்டது. தணல் என்பது நமக்குச் சூடு, அந்தக் கேமராவுக்கு விளக்கு. டிவிக்குக் கீழே கனன்றுகொண்டிருந்த கரியை மூன்றாவது புள்ளியாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. குற்றம் கரிச்சட்டியுடையது, பழி ரிமோட்டுக்கு. விஷயம் புரிந்ததும் பையன் சென்சார் பாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தான். கை அடையாளம் அழகாக நகர்ந்தது. (மெழுகுவத்தியோ கரியோ, ஜன்னலை முழுக்கச் சாத்திவிட்டு மூட்டாதீர்கள். புகை தெரியாமலேயே ஆளை முடித்துவிடும். குளிர்காலத்தில் இந்த மலையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

சரி, விளையாட்டுக்கு வருவோம். இளவரசனின் கதை தொடங்குவதே ஓர் உடம்பிலிருந்துதான். ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 1985இல் தன் தம்பி டேவிட்டை வாகனம் நிறுத்தும் ஒரு திடலில் ஓடவும் தாவவும் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அதைச் சட்டம் சட்டமாக (ஃப்ரேம் ஃப்ரேமாக) நிறுத்தி, உருவத்தின் மேலேயே வரைந்து, ஆப்பிள் 2 கணினிக்குள் ஏற்றினார். 1989இல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' வெளிவந்தது. அதுவரை பெரும்பாலான கணினிப் பொம்மைகள் பட்டனைத் தட்டியதும் துள்ளும், விட்டதும் நிற்கும். இந்த இளவரசனுக்கு உடல் கனம் இருந்தது. ஓட ஆரம்பித்தால் உடனே நிற்க மாட்டான், சறுக்கித்தான் நிற்பான். தாவ முடிவெடுத்துவிட்டால் நடுவானில் மனதை மாற்ற முடியாது. ஒரு பையனின் உண்மையான தடுமாற்றம் அதில் அப்படியே இருந்தது.

2003இல் யூபிசாஃப்ட்டின் மான்ட்ரியல் கூடம் அதே இளவரசனை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தது. சுவரில் பக்கவாட்டில் ஓடுவது, கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தாவுவது, தவறி விழுந்தால் மந்திர மணலைச் செலவழித்துக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவது. அந்த வரிசையின் மூன்றாவது விளையாட்டு 2005இல் வந்தது. அதை எடுத்து 2007இல் 'ரைவல் ஸ்வோர்ட்ஸ்' என்று பெயர் மாற்றி வீ கன்சோலுக்குக் கொடுத்தார்கள். மச்சான் கொண்டுவந்த டிஸ்க் அதுதான்.

இப்படி வேறு கன்சோலிலிருந்து வீக்கு மாற்றியதற்குக் காரணம் கலை அல்ல, வசதி. வீயின் உள்கட்டமைப்பு அதற்கு முந்தைய கேம்கியூப் கன்சோலின் நீட்சி. கேம்கியூபுக்கு ஏற்கெனவே செய்துவைத்த விளையாட்டை அதில் ஓடவைப்பது ஒப்பீட்டளவில் சுலபம். வீயோ சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தது, வாழ்நாளில் பத்துக் கோடிக்கு மேல் விற்ற கன்சோல். கையில் தயாராக ஒரு விளையாட்டு, எதிரே பெரிய சந்தை. நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: பட்டன் இருந்த இடத்தில் கையசைவை வைப்பது. அந்தக் காலத்தில் வந்த பல வீ விளையாட்டுகளின் நோயும் இந்த 'இருந்த இடத்தில்'தான் இருக்கிறது.

எதைக் கைக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். வாள் வீச்சு வலக்கை ரிமோட்டுக்கு. இரண்டாவது ஆயுதம் இடக்கையில் பிடிக்கும் நன்சக் என்ற துணைக் கைப்பிடிக்கு. தாவல், சுவரோட்டம், தொங்கல் எல்லாம் பட்டனிலேயே நின்றுவிட்டன. அதாவது விளையாட்டின் உயிரான வித்தைகள் எதுவும் ஆடுபவரின் உடம்புக்கு வரவே இல்லை. வந்தது சண்டை மட்டும். முதலில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால், வேறு வழியில்லை.

சுவரோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் நாலடி ஓடி, அங்கிருந்து எதிர்ச் சுவருக்கு உதைத்துத் தாவி, அங்கே ஒரு கம்பத்தைப் பிடித்து, சுற்றிவந்து, அடுத்த விளிம்புக்குப் பறக்க வேண்டும். ஐந்தாறு முடிவுகள், ஒன்றுக்கொன்று ஒரு விநாடிகூட இடைவெளி இல்லை. விநாடிக்கு 60 சட்டங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு சட்டத்தின் ஆயுள் 17 மில்லிவிநாடிக்கும் குறைவு. பட்டனை அழுத்தினால் அந்தச் சட்டத்திலேயோ அடுத்ததிலேயோ செய்தி போய்ச் சேரும். கையசைவோ தொடங்கி, வளர்ந்து, எல்லையைத் தாண்டிய பிறகுதான் அசைவாகவே ஒப்புக்கொள்ளப்படும். அதற்குள் பல சட்டங்கள் கடந்திருக்கும். சண்டையில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய தாமதம். பள்ளத்தின்மேல் தாவும்போது உயிர்போகும் தாமதம்.

பட்டனில் இன்னொரு குணமும் உண்டு, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பட்டன் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். தம்பியின் உடம்பிலிருந்து எடுத்த அந்த முதல் இளவரசனின் சிறப்பே, 'தாவு' என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டால் மிச்சத்தை அவன் உடம்பு பார்த்துக்கொள்ளும் என்பது. உத்தரவு நம்முடையது, கனம் அவனுடையது. உத்தரவிலும் நம் உடம்பைக் கொண்டுவந்து போட்டால் இரண்டு கனம் மோதிக்கொள்கின்றன. நம் கை வீசி முடிந்து கீழே தொங்குகிறது, அவன் வாள் அப்போதுதான் பாதி வழியில் இருக்கிறது. அவன் வாள் எதிரியின் கேடயத்தில் டங்கென்று நிற்கிறது, நம் கை காற்றில் தடையில்லாமல் போய்க் கட்டிலில் இடிக்கிறது. ரிமோட் கொஞ்சம் அதிர்ந்து, அதன் சின்ன ஸ்பீக்கரில் ஒரு சத்தம் போடும். சமாதானத்துக்குத்தான்.

ஆனால் அந்த விளையாட்டில் உண்மையான இழப்பு வாளில் இல்லை, கேமராவில் என்பேன். பழைய கைப்பிடிகளில் வலது கட்டைவிரலுக்கு ஒரு ஸ்டிக் இருக்கும். இடது ஸ்டிக் இளவரசனை நகர்த்தும், வலது ஸ்டிக் பார்வையைத் திருப்பும். முப்பரிமாண உலகில் தாவுவதற்கு முன் எங்கே தாவுகிறோம் என்று சுற்றிப் பார்ப்பது பாதி விளையாட்டு. வீயில் ஸ்டிக் ஒன்றுதான், அது நன்சக்கில். ரிமோட்டில் ஸ்டிக்கே இல்லை. கையசைவு என்ற புதுச் சொத்தைத் தந்துவிட்டு, வலது கட்டைவிரல் என்ற பழைய சொத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். மலைப்பாதையில் கழுத்தைத் திருப்பாமல் நடக்கச் சொன்ன மாதிரி.

இதே கன்சோலில் இதே காலத்தில் கையசைவைப் புத்திசாலித்தனமாக வைத்தவர்களும் இருந்தார்கள். 2007இல் வந்த 'சூப்பர் மாரியோ கேலக்ஸி'யும் தாவல் விளையாட்டுதான். அங்கே தாவல் பட்டனில், ரிமோட்டைக் குலுக்கினால் மாரியோ ஒரு சுழற்சி சுழல்வான். எந்தத் திசையில் குலுக்கினாலும் சரி, எவ்வளவு பலமாக என்பதும் கணக்கில்லை. நடுவானில் குலுக்கினால் ஒரு சின்ன எழும்பல் கிடைக்கும். தாவல் கொஞ்சம் குறைந்துபோனால் அந்த ஒரு குலுக்கலில் விளிம்பைப் பிடித்துவிடலாம். தவறு செய்தவனைத் தண்டிக்க வேண்டிய இடத்தில் வைக்காமல், காப்பாற்ற வேண்டிய இடத்தில் அசைவை வைத்திருக்கிறார்கள். அசைவு துல்லியமில்லாதது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. சில்லின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற வேலையைக் கொடுப்பது.

இளவரசனே 2010இல் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு வந்தான். 'தி ஃபர்காட்டன் சாண்ட்ஸ்' என்ற விளையாட்டின் வீ பதிப்பு மற்ற கன்சோல்களில் வந்ததன் நகல் அல்ல, தனியாகச் செய்தது. அதில் ரிமோட்டைச் சுவரை நோக்கி நீட்டிப் பிடிமானத்துக்கு ஒரு வளையத்தை வரவழைக்கலாம். தரையில் மேலே தூக்கிவிடும் சுழல்காற்றை எழுப்பலாம். அடியில் எதுவுமில்லாத வெட்டவெளியில் நின்றுகொள்ள ஒரு குமிழியை உண்டாக்கலாம். தாவுவது இன்னமும் பட்டன்தான். எங்கே தாவுவது என்பதைக் கை தீர்மானிக்கிறது. சுட்டிக்காட்டுவதற்கு வீச்சு வேண்டாம், ஓங்கல் வேண்டாம், பலம் வேண்டாம். ஒரு விரலளவு நகர்வு போதும். எனக்கு வீ கன்சோலில் இளவரசன் நிஜமாகக் காலூன்றியது இங்கேதான் என்று தோன்றுகிறது. பையன் ஒப்புக்கொள்ள மாட்டான், அவனுக்கு வாள்தான் வேண்டும்.

வாளையே சரியாகச் செய்துபார்த்த முயற்சியும் நடந்தது. ஜைரோவோடு 2011இல் வந்த, செல்டா என்ற சாகச விளையாட்டு வரிசையின் 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்'. எதிரி இடப்பக்கம் தடுத்தால் நாம் வலப்பக்கம் வெட்ட வேண்டும். திசை உண்மையாகவே கணக்கில் வரும். அதில் வேறொரு தொல்லை. ஜைரோ சுழலும் வேகத்தைத்தான் சொல்லும். அதைக் கூட்டிக் கூட்டித்தான் இப்போது எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு துளி பிசகு சேரும்.

தேயிலைக் காட்டில் மூடுபனி இறங்கும்போது நடந்திருக்கிறீர்களா? பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. இந்த நிரையில் நேராகப் போய், அந்த மூலையில் கொஞ்சம் இடப்பக்கம், பிறகு சரிவில் வலப்பக்கம் என்று மனசிலேயே கணக்கு வைத்துக்கொண்டு நடப்போம். பழகிய ஆளுக்குக்கூடக் கால் மணி நேரத்தில் கணக்கு லேசாகக் கோணிவிடும். பனி ஒரு நிமிஷம் விலகி பக்காசுரன் மலை தெரிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஜைரோவுக்கும் ஒரு பக்காசுரன் மலை வேண்டும். டிவிமேல் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் அப்படியொரு மலையாக இருக்கலாம், கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பும் பாதி மலையாக இருக்கலாம். இல்லாவிட்டால் ஆடுபவரே அவ்வப்போது பட்டனைத் தட்டி, 'இதுதான் நேர்' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். 2021இல் அந்த விளையாட்டை ஸ்விட்ச் கன்சோலுக்கு மறுபடி கொண்டுவந்தபோது, கையை வீசாமல் ஸ்டிக்கைச் சாய்த்தே வாள் வீசும் வழியையும் சேர்த்தார்கள். பத்து வருஷம் கழித்து வந்த வாக்குமூலம் மாதிரி இருந்தது எனக்கு.

மலையில் ஆடுபவர்களுக்கு மட்டும் சில விஷயம். மார்கழி, தையில் உறைபனி விழும் நாட்களில் ரிமோட்டின் இரண்டு பென்சில் பேட்டரிகளும் சீக்கிரம் சோர்ந்துவிடும். குளிரில் உள்ளே ரசாயனம் மந்தமாகிவிடுவதுதான் காரணம், கழற்றிக் கொஞ்ச நேரம் சட்டைப் பையில் வைத்துப் போட்டால் மறுபடி ஓடும். துபாய் மின்சாரத்துக்கான அடாப்டரோடு வந்த கன்சோல் நம் மின்சாரத்தில் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அடாப்டரைப் பார்க்காமல் பிளக்கில் சொருகாதீர்கள், அங்கே பாதி வோல்டேஜ்தான். மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்வது சம்பிரதாயமில்லை. கன்சோல் வந்த ஒரே மாதத்தில் பட்டை அறுந்து ரிமோட் பறந்து டிவி உடைந்த கதைகள் கிளம்ப, 2006 டிசம்பரில் நின்டெண்டோ 32 லட்சம் பட்டைகளை மாற்றிக்கொடுக்க முன்வந்தது. ஸ்வெட்டர் கையுறை போட்டு ஆடினால் ரிமோட் இன்னும் வழுக்கும். சமவெளியிலிருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் பத்து நிமிஷம் வாள் வீசிவிட்டு மூச்சு வாங்கினால் கேலி செய்ய வேண்டாம். குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்.

வீ போன பிறகு கையசைவு ஒழிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. ஒழியவில்லை, சுருங்கிவிட்டது. எங்கள் லைனில் பத்தாவது படிக்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் "ஜைரோ ஆன் பண்ணிட்டீங்களாண்ணா?" என்பான். போனில் சுடுகிற விளையாட்டுகளில், பெரிய திருப்பத்தைக் கட்டைவிரலில் இழுத்துவிட்டு, கடைசி அரை அங்குலக் குறியைப் போனை லேசாகச் சாய்த்துச் சரிசெய்கிறார்கள். யாரும் எழுந்து நிற்பதில்லை, யாரும் கையை ஓங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அசைவு தெரியவே தெரியாது. வாள் வீரனாக நடிக்கச் சொன்ன தொழில்நுட்பம், கடைசியில் கொழுந்து பறிக்கிறவளின் மணிக்கட்டளவுக்கு வந்து நின்றிருக்கிறது.

பையனும் இப்போது போனுக்குப் போய்விட்டான். போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். கல்லாறு தாண்டினால் சிக்னல் வரும், போகும். அதனால் நெட் வேண்டாத ஏதோ ஒரு சுடும் விளையாட்டை வைத்திருந்தான். முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியதும் திரையில் துப்பாக்கி எதிரியை விட்டுவிட்டுச் சுவர், ஜன்னல், வானம் என்று அரைவட்டம் அடித்துவிட்டு வந்தது. அவன் கை அசையவே இல்லை. "மாமா, ஜைரோ கெட்டுப்போச்சு" என்றான். கெட்டுப்போகவில்லை, அது பஸ்ஸையும் சேர்த்து ஆடிக்கொண்டிருக்கிறது என்றேன். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து ஜன்னலோரம் சாய்ந்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "அந்தச் சனியனை உள்ள வைடா, பாக்காமலே எனக்குத் தலை சுத்துது" என்றாள். அவன் உள்ளே வைக்கவில்லை. ஜைரோவை அணைத்துவிட்டு, வளைவுகளை எண்ணத் தொடங்கினான். 14 முடிந்ததும் மறுபடி ஆன் செய்துகொண்டான்.